அடி விழுமுன் விழுந்தவள்

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் லயத்தில் இருந்த ராக்கப்பன் ஆசான் ஒற்றை விரலால் யானையைப் படுக்க வைத்தவர் என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். யானை பொய். படுத்தது அவர் பெண்டாட்டி.

அவள் பெயர் அழகுத்தாய். வருஷம் முழுக்கக் கொழுந்து கிள்ளுவாள். மாரியம்மன் கோயில் கொடை விழாவன்று மட்டும் சாவாள்.

காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் அன்று ஆறு லயத்து ஜனமும் கூடியிருக்கும். ஆசான் இடுப்பில் சிவப்புப் பட்டுக் கட்டி, கம்பு சுற்றி முடித்து, கிழக்கே பார்த்து நின்று தன் குருமார் பெயரை வரிசையாகச் சொல்லுவார். எச்சிலைத் துப்பிப் புலியின் கண்ணை அவித்த ஊமையாண்டி ஆசான். தென்னை மரத்துக்கும் வர்மம் உண்டென்று தூரில் தட்டிக் குலை இறக்கிய சுடலைக்கண் ஆசான். வெள்ளைக்காரத் துரையின் குதிரையை நின்ற இடத்தில் தூங்க வைத்த வெள்ளைப்பாண்டி ஆசான். அப்புறம் தவசி ஆசான். கடைசியில் தம் தகப்பனார் மூக்கன் ஆசான். ஐந்து பெயரும் முடிந்ததும் அழகுத்தாயின் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலால் ஒரு குத்து. அவள் வெட்டிய மரம் போலச் சாய்வாள். கண் வெளுத்துக் கிடப்பாள். ஜனம் "ஆத்தா" என்று வாயைப் பொத்தும். பிறகு ஆசான் அவள் தலைமாட்டில் குந்தி, ஐந்து பெயரையும் மறுபடி கூப்பிட்டு, முதுகில் இளக்குத் தட்டு தட்டுவார். இளக்கு என்றால் வர்மத்தால் கட்டிய உயிரை அவிழ்த்து விடுவது. ஐந்தாவது பெயருக்கு அவள் எழுந்து உட்கார்வாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினெட்டு வருஷத்தில் அவர் அடித்து அவள் ஒருநாளும் விழுந்ததில்லை. அதைவிட வேடிக்கை, அது அவருக்குத் தெரியாது.

விழக் கற்றுக் கொடுத்தது மாமியார் குருவம்மாள். கல்யாணமான எட்டாம் நாள், மூக்கன் ஆசானும் மகனும் சந்தைக்குப் போன பொழுது, கிழவி மருமகளைத் தேயிலைச் செடிக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏ பிள்ளை, அவன் வலது கால் பெருவிரலைப் பாரு. அடிக்கப் போகையில தரையை அமுக்கும். அமுக்குன உடனே விழுந்துரு. அடி வந்து சேரையில நீ அங்க இருக்கக் கூடாது."

"பொய்யாவா அத்தை?"

"மெய்யா விழுந்தவளுக கதையைச் சொல்லட்டுமா?" கிழவி விரல் மடக்கினாள். "ஊமையாண்டி பெண்டாட்டிக்கு ஒரு காது போச்சு. சுடலைக்கண் பெண்டாட்டி கழுத்து கோணிக்கிட்டுச் சாகிற வரைக்கும் வடக்கயே பாத்தா. வெள்ளைப்பாண்டி பெண்டாட்டிக்கு வயித்துல கிடந்தது கலைஞ்சுது, மூணு தடவை. தவசி பெண்டாட்டி எந்திரிக்கவே இல்ல. அவ தங்கச்சியைக் கட்டிக்கிட்டு மறு வருஷக் கொடைக்கு நிறுத்திட்டான். அஞ்சாவது நான். எனக்குத்தான் பெருவிரல் கண்ணுல பட்டுது."

முழங்காலை மடக்காமல் சாய்வதையும், மூக்கு நுனியைப் பார்த்துக் கண்ணை வெளுக்க வைப்பதையும் அங்கேயே மூன்று தடவை பழக்கினாள். "அஞ்சாவது பேருக்கு எந்திரி. ஆறாவது பேரு கிடையாது, ஞாபகம் வச்சுக்க."

நடிப்புத்தானே, வலிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். விழுகிறவளை அடி உரசிக்கொண்டாவது போகும். கொடைக்கு முந்தின வாரம் தினமும் ஒத்திகை. அந்த வாரம் முழுக்க அழகுத்தாய் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினால் தோள் நீலமாகத் தெரியும். பெரியமுத்துக் கங்காணி அதைப் பார்த்து, "ஆசான் முத்திரை குத்திட்டாரு, கொடை வந்துட்டுதுடா" என்று சிரிப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் கொடைக்கு ஒரு மாதம் முன்னால் பிச்சைமணி வந்து இறங்கினான். ராக்கப்பனின் அக்காள் மகன், முதல் சீடன். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. தரையைக் கூட்டுகிற அகலப் பேண்ட், பளபளக்கும் கைக்கடிகாரம். அங்கே ஷிப்ட் முடிந்ததும் முப்பது பேருக்கு வித்தை சொல்லிக் கொடுக்கிறானாம். ஒன்றுதான் குறை. படுக்க வைத்துக் காட்ட ஓர் உடம்பு வேண்டும்.

"மாரியைக் கொடுங்க மாமா. முறைப்பொண்ணு வேற. கொடையிலயே என் கையால படுக்க வச்சு அரங்கேத்திக்கிறேன்."

மாரித்தாய்க்குப் பதினேழு வயது. வீட்டுக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. ராக்கப்பனுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலையில் லயத்து நாய் ஒன்று அவன் பேண்டை முகர்ந்தது. பிச்சைமணி குனிந்து அதன் காதுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டினான். நாய் சாய்ந்து நாலு காலையும் நீட்டிக்கொண்டது.

"இளக்கி விடு மாப்பிள்ளை," என்றாள் அழகுத்தாய்.

"நாய்க்கு எதுக்கு அத்தை இளக்கு?" சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மாமா அடிக்கையில நீங்க இமைக்கிற நேரம் முந்தி விழுறீங்க. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மாரிக்கிட்ட அந்தச் சோலி வேண்டாம்னு சொல்லி வைங்க. நான் பெருவிரலை ஊன்றதில்ல."

மகளுக்கென்று அழகுத்தாய் வைத்திருந்த சீதனம் அந்த ஒரு ரகசியம்தான். அதுவும் செல்லாக்காசு.

அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். "பிள்ளையை விட்டுருங்க. உங்க அடியில ஒண்ணுமில்ல. நீங்க அடிச்சு நான் ஒருநாளும் விழுந்ததில்ல."

ராக்கப்பன் கோபப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, நினைவு தப்பி விழுந்தவளுக்கு, விழுந்தது எப்பிடிட்டி தெரியும்?"

ஆசான் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். முறையை விளக்கினார். "முதல்ல உன்னைக் கடைசியா ஒரு தடவை படுக்க வச்சு எழுப்புவேன். நீ எந்திரிச்சு, மக கையைப் பிடிச்சு அவன்கிட்ட கொடுக்கணும். அப்புறம் அவன் அடிப்பான். ஒருத்தி கிடக்கையில இன்னொருத்தியைப் படுக்க வைக்கக் கூடாது. அது அஞ்சு ஆசான் மேல சத்தியம்."

அம்மியில் ஓடிக்கொண்டிருந்த குழவி நின்றது.

"கிடக்கையில கூடாதா?"

"கூடாது. வம்சமே அத்துப் போகும்."

"சரி," என்று சொல்லி மறுபடி அரைத்தாள்.

கொடையன்று உச்சி வெயிலில் பெரட்டுக்களத்தில் பனிமூட்டமே இல்லை. வண்டிப்பெரியாரில் அது அபூர்வம். மாரித்தாய்க்குப் புதுப்பாவாடை கட்டி, திருநீறு பூசி, ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். வெட்டப்போகிற கிடாவுக்கும் அதே திருநீறுதான். ஆசான் பெயர்களைச் சொன்னார். பெருவிரல் தரையை அமுக்கியது. அழகுத்தாய் விழுந்தாள்.

ராக்கப்பன் தலைமாட்டில் குந்தினார். "ஊமையாண்டி ஆசானே!" ஒரு தட்டு. செவிட்டுக் காது, என்று அழகுத்தாய் நினைத்துக்கொண்டாள். "சுடலைக்கண் ஆசானே!" கோணல் கழுத்து. "வெள்ளைப்பாண்டி ஆசானே!" மூன்று பிள்ளை. "தவசி ஆசானே!" எழுந்திருக்காதவள். "மூக்கன் ஆசானே!"

அவள் எழுந்திருக்கவில்லை.

ஆசான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தட்டு குத்தானது. மூன்றாம் சுற்றில் பெரியமுத்துக் கங்காணி குரல் கொடுத்தார். "கெட்டியாக் கூப்பிடும் வே ஆசானே, அஞ்சு பேர்ல ஒருத்தருக்குக் காது மந்தம் போலிருக்கு!"

"லாரி மாதிரித் தள்ளிப் பாருங்கப்பா, ஸ்டார்ட் ஆகும்!" என்றது இன்னொரு குரல். களம் கொல்லென்று சிரித்தது.

ராக்கப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆறாவதாக ஒரு பெயரைக் கூப்பிட்டார். அப்படியொரு ஆசான் பிறக்கவே இல்லை. அவர் நாக்கு அங்கேயே பெற்றுப்போட்ட பிள்ளை. அவளைப் புரட்டிப் போட்டு விலாவில் இடித்தார், முதுகில் முழங்காலை ஊன்றினார். எலும்பொன்று நொறுங்கிய சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

"தள்ளுங்க மாமா, நடிப்பான்னு பாத்துருவோம்," என்று பிச்சைமணி வந்தான். சாமி தட்டிலிருந்து எரிகிற கற்பூரத்தைக் கிள்ளியெடுத்து, அழகுத்தாயின் வலது உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கிப் பொத்திப் பிடித்தான். அணைகிற வரைக்கும் பிடித்திருந்தான். சதை வாசனை வந்தது.

"அம்மா!" என்று மாரித்தாய் அலறினாள். இரண்டு பெண்கள் அவளை இறுக்கிக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா செத்துவிட்டாள் என்றே நினைத்துக் கத்தினாள். கற்பூரத்தைத் தாங்கினவளுக்கு அந்தக் கத்தலைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கன்னத்தை உள்ளுக்குள் கடித்து, ரத்தத்தை விழுங்கி, மூக்கு நுனியையே பார்த்துக் கிடந்தாள்.

"இது எந்திரிக்காது," என்றான் பிச்சைமணி, கையை உதறிக்கொண்டு. "ஓரமா இழுத்துப் போட்டுட்டு மாரியை நிறுத்துங்க."

ராக்கப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பொய்யான வித்தையை மெய்யென்று நம்பின மனுஷன். சத்தியத்தையும் அப்படியே நம்பினார்.

"கிடக்கையில கூடாதுலே."

"அப்ப எழுப்பும்!"

ஆசான் தம் இரண்டு விரலையும் வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் டிஸ்பென்சரியில் போட்டார்கள். கம்பவுண்டர் ஏசுதாஸ் நாடி பார்த்தார். நாடி குதிரைபோல ஓடியது. கையை விட்டவர் கதவைச் சாத்திவிட்டு, "யாரும் வரக்கூடாது, கேஸ் சீரியஸ்" என்று வெளியே சொல்லிவிட்டார். மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை என்பது ஊர்ப்பேச்சு. மூன்று நாளும் விலாவில் கட்டோடு ஏசுதாஸ் வீட்டுக் கப்பைக் கிழங்கையும் மீனையும் இடது கையால் தின்றாள் என்பதுதான் நடந்தது. நாலாம் நாள் காலையில் அவர் வந்து, "கஞ்சிக்கோட்டான் பஸ் ஏறிட்டான்" என்றார். "கை செத்த ஆசானோட பொண்ணு நமக்கு வேண்டாம்னு களத்துல நின்னு சொல்லிட்டுப் போனான்."

அழகுத்தாய் எழுந்து உட்கார்ந்தாள்.

வலது கை பிறகு விரியவே இல்லை. நான்கு விரலும் உள்ளங்கையோடு ஒட்டிச் சுருண்டுபோயின. ஒற்றைக்கைக்காரிக்குக் கொழுந்து வேலை ஏது? பெரட்டில் அவள் பெயரை வெட்டி மாரித்தாய் பெயரை எழுதினார்கள். அம்மா கூடை மகள் முதுகில் ஏறியது. மகள் மாத்திரம் நிமிர்ந்து நடந்தாள். காதும் கழுத்தும் அவளுக்கு நேராக இருந்தன.

ராக்கப்பனை அதற்கப்புறம் யாரும் ஆசான் என்று கூப்பிடவில்லை. சின்னப் பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் விழுந்து, "தாத்தா, எழுப்பும்" என்று சிரித்தார்கள். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் தொடையிலும் புஜத்திலும் குத்திக் குத்திப் பார்ப்பார். ஒன்றும் மரத்துப் போகாது, வலிக்கத்தான் வலிக்கும்.

ஒரு வருஷம் பொறுத்திருந்து, அடுத்த கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"அழகு, ஒரே ஒரு தடவை. யாரும் பாக்க வேண்டாம். எனக்காக நில்லு."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவர் கிழக்கே திரும்பி ஐந்து பெயரையும் மெதுவாகச் சொன்னார். பெருவிரல் தரையை அமுக்கியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு விரலும் கழுத்தோரம் வந்து விழுந்தன. இத்தனை வருஷத்தில் முதன்முதலாக அவர் அடி அவளிடம் முழுசாக வந்து சேர்ந்தது. கொசு கடித்த மாதிரி இருந்தது.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "விழுந்துரேன்," என்றார். கெஞ்சுகிற குரல்.

"முடிஞ்சுதா?" என்றாள் அழகுத்தாய். "முடிஞ்சுதுன்னா தண்ணி எடுத்துட்டு வாங்க. எனக்கு ஒரு கைதான் இருக்கு."