பால் உறைந்த ஃப்ரிட்ஜும் வளப்பூர் நாடும்

டொக்...

பால் பாக்கெட் கை தவறிக் கீழே விழுந்தபோது கேட்ட சத்தம் இது. பால் விழுந்தால் இப்படியா சத்தம் வரும்? எடுத்துப் பார்த்தால் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஃப்ரீசரில் வைத்த பால் அல்ல நண்பர்களே, கீழ்த்தட்டில் வைத்த பால்!

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் எனக்கு முதல் போஸ்டிங். வாத்தியார் வேலை. மனைவி ஜான்சி கர்ப்பமாக இருந்தாள். கர்ப்பத்தோடு சர்க்கரையும் வந்துவிட, தினமும் இன்சுலின் ஊசி. "இந்தக் குளிர்ல ஃப்ரிட்ஜா?" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், எங்களுக்கு அது மருந்துப் பெட்டி. கொண்டை ஊசி வளைவுகளில் சாயாமல் இருக்க, வேனில் நிற்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, சாமி சிலை மாதிரி கொண்டுவந்து இறக்கினோம்.

வந்த புதிதிலேயே இந்தக் கூத்து. குளிரைக் குறைக்கும் திருகைக் கடைசி வரை திருப்பியும் தக்காளி கல்லாகிறது. கரண்ட் போனால் எல்லாம் உருகும், வந்தால் மறுபடி உறையும். மலையில் கரண்ட் போவதற்கு என்ன பஞ்சம்! குளிர் கூடினால் மருந்துக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டோம். அப்படி ஒரு அறிவு எங்களுக்கு...

வாரண்டி இருக்கிறதே, கம்பெனிக்கு போன் போட வேண்டியதுதானே? சிக்னல்? வீட்டு ஓனர் ராமசாமி அண்ணனின் மிளகுத் தோட்டத்து மேட்டுக்குப் போனால்தான் அரைகுறையாக வரும். எனக்குப் பள்ளியில் பரீட்சை நேரம். பில்லை அவரிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"சொல்லீட்டனுங்க சார். பேரு, ஊரு, நாடு எல்லாங் கேட்டுச்சுங்க அந்தப் புள்ள. வளப்பூர் நாடுன்னு தெளிவாச் சொன்னேன்."

"நாட்டைக்கூடவா கேட்டாங்க?"

"ஆமாங்க. வெவரமான கம்பெனிதானுங்க!"

மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. எனக்கே புரிய நாளானது. சென்னையிலோ எங்கோ உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கிறதே என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.

மெக்கானிக் வருவார் வருவார் என்று பார்த்தோம். ஆளைக் காணோம்.

அதற்குள் ஜான்சிக்குச் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. ஊசி தவறவில்லை, சாப்பாடும் களியும் கீரையும்தான். ஆனாலும் விரலில் குத்திப் பார்க்கும்போதெல்லாம் எண் மேலே மேலே போனது. அது பலாப்பழ சீசன் வேறு. ராமசாமி அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா எங்களுக்கும் ஒரு பழம் கொடுத்திருந்தார். எல்லார் கண்ணும் அதன்மேல் போனது.

"சத்தியமா ஒரு சுளைகூட தொடலை" என்று ஜான்சி அழுதாள்.

"நாந்தானுங்க பாவி, வாசத்தக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெச்சுட்டேன்" என்று அக்கா அதற்கு மேல் அழுதார்.

ஒருநாள் காலையில் ஜான்சி வயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "நான் எந்திரிச்சதுல இருந்து பாப்பா அசையலைங்க..."

மேல் வீட்டுக்கு ஓடினேன். ராமசாமி அண்ணன் யாரிடமோ ஜீப்பைப் பிடித்து வந்தார். செம்மேடு ஆஸ்பத்திரி வரை செல்லம்மா அக்கா அவள் கையை விடவே இல்லை. "ஒண்ணும் ஆவாது கண்ணு, ஒண்ணும் ஆவாது சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழி முழுக்க மூடுபனி.

நர்ஸ் சர்க்கரையைப் பார்த்ததும், நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்த இன்சுலின் குப்பியைக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள்.

"இது ஐஸாகி உருகியிருக்கு சார். இதுல மருந்தோட வீரியமே போயிருக்கும். இத்தனை நாளா வெறும் தண்ணியப் போட்ட மாதிரிதான்."

உடனே புது மருந்து போட்டு, ஜான்சியைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் வயிற்றில் கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். போனில் சிக்னல் இருந்தது. யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது, கம்பெனிக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், உங்க கம்ப்ளெயின்ட் வெளிநாட்டுப் பிரிவுல இருக்கு. நாடு என்கிற இடத்துல வளப்பூர்னு பதிவாகியிருக்கு. அந்த நாட்டுல நமக்கு சர்வீஸ் இல்லீங்க சார்."

இலங்கையிலும் பொருள் விற்கும் கம்பெனியாம். அதனால் எந்த நாடு என்று எல்லாரிடமும் கேட்பார்களாம். நான் கத்துவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றபோது, உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சார்! ஓடியாங்க... துடிப்பு கேக்குதுங்க!"

டாக்டரின் கருவியில் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். போனில் அந்தப் பெண் "லைன்ல இருக்கீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு வழியாக மெக்கானிக் வந்தார். குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாம், மாற்றிப் போட்டார். அதுவரை புது மருந்து செல்லம்மா அக்கா வீட்டு ஈரமணல் பானையில்தான் இருந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அக்கா பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

இப்போது நாங்கள் நாமக்கல்லில். ஆப்பில் விலாசத்தைத் தட்டினால் மறுநாளே ஆள் வருகிறார். நானும் உஷார், புகார் நம்பரை வாங்காமல் போனை வைப்பதில்லை, பதிவான விலாசத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பேன். எல்லாம் வசதிதான். ஆனால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியாது.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவை ஆவென்று திறந்து வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்வாள். ஃப்ரிட்ஜ் பீப் பீப் என்று கத்தும். "மூடுடீ, கரண்ட் பில்லு யாரு கட்டுறது!" என்று ஜான்சியும் கத்துவாள்.

நான் மட்டும் மகள் கட்சி. அவள் நிற்கட்டும்... எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும்.