ஓட்டுப் போடாத ரசமட்டம்

தேர்தலுக்கு முந்தைய நாள் மாலை, எங்கள் தெரு மருத்துவ நிலையத்தின் வாசலில் தச்சர் முழங்காலிட்டு உட்கார்ந்து பலகையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை பலகையை அழுத்திப் பிடித்திருந்தது. மறு கை அவசரமில்லாமல் திருகிக்கொண்டிருந்தது. எந்த வேலையானாலும், குமிழி நடுவில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். அதனால் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த நிலையத்தில்தான் நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். தெருவுக்கு வாக்குச்சாவடியும் அதுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் சக்கர நாற்காலி ஏற மரத்தில் ஒரு சாய்தளம் போடுவார்கள். மறுநாள் காலை பிரித்துவிடுவார்கள். பலகை வார்டு உறுப்பினரின் கிடங்கிலிருந்து வரும். அடிப்பதும் பிரிப்பதும் ரசமட்டம். பிரிக்கப்போகிற வேலைக்குத் தச்சர்கள் ஆணியை முழுக்க இறக்க மாட்டார்கள். பிடுங்க வசதியாகத் தலையைக் கொஞ்சம் வெளியே விட்டுவைப்பார்கள். "அடுத்த தடவை சிமென்ட்லயே போட்டுடலாம்" என்று உறுப்பினராக இருப்பவர் சொல்வதும் தவறாமல் நடக்கும்.

போன வருடம் ரசமட்டத்தின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. அப்படி விழுந்த கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை அந்த நிலையத்துக்குள் இருக்கிறது, வாசலில் படிகள். ஆட்கள் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ஒருநாள் ஒருவருக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அவள் விழவில்லை, ஆனால் அதோடு போவதை நிறுத்திவிட்டாள். அப்படிப்பட்ட காலைச் சும்மா விட்டால் இறுகிப்போகும், பிறகு நடை திரும்பாது. இதை நான் அவரிடம் பூசி மெழுகாமல் சொன்னேன். நிரந்தரமாக ஒரு சாய்தளம் கேட்டு அவர் உறுப்பினர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவர் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த அன்று மாலை உறுப்பினரே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஸ்குரூ போடுறீங்க? தரையில போல்ட் வேற. நாளன்னைக்குக் கழட்டணுமே?"

"கழட்டணும்னு நினைக்கிறவங்க கழட்டிக்கட்டும்."

"அப்ப நம்ம பலகை?"

"உங்க பலகை உங்க கிடங்குல பத்திரமா இருக்கு தம்பி. இது என் வீட்டு மரம்."

மாடிப்படி கட்ட அவர் அறுத்து வைத்திருந்த மரம். இனி அந்த வீட்டில் மாடி ஏற ஆள் இல்லை.

உறுப்பினர் சிரித்து மழுப்பினார். "சரி விடுங்க. ஓட்டு மட்டும் நமக்குத்தான், மறந்துடாதீங்க."

"யாருக்கும் இல்ல. இந்தத் தடவை நான் போடல."

வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. நான் அவர் மனைவியின் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தபோதே சண்டை தொடங்கியது.

"நீங்க போடலேன்னா உலகம் நின்னுடுமா?"

"நிக்காது. போட்டப்பவும் நகரல."

"இவங்க வேணாம்னா அந்தக் கட்சிக்குப் போடுறது!"

"அவங்க இருந்தப்பவும் இதே ஆணியத்தானே அடிச்சேன், தலைய வெளிய விட்டு?"

"நான் ஒரு தடவைகூட விட்டதில்ல. நீங்க கூட்டிட்டுப் போகலேன்னா அக்கா கூட்டிட்டுப் போவாங்க."

"நான்தான் தள்ளுவேன். உன் ஓட்டு உன்னோடது. அதுக்கு நடுவுல நான் எதுக்கு?"

அவள் என்னிடம் திரும்பினாள். "பாருங்கக்கா, விரல்ல மை இல்லாம தெருவுல போனா ஆளாளுக்குக் கேப்பாங்க. இவரு கைய பாக்கெட்டுலயே வெச்சுக்கிட்டுத் திரியணும்."

"கேக்கட்டும். வாயிருக்கு, சொல்றேன்."

நான் ஓட்டுப் போடுகிறவள். ஆனாலும் அவர் மனதை மாற்றப் பார்க்கவில்லை. பலகையைப் போலவே அதையும் அளந்துதான் அறுத்திருந்தார்.

மறுநாள் நாற்காலி ஒரே மூச்சில் ஏறியது. பலகை முனகக்கூட இல்லை. பயிற்சி அறையில்தான் சாவடி. மை வைக்கும் அலுவலர் இடது கையைக் கேட்டார். அது முஷ்டியாக மூடியிருந்தது. அவர் விரலைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையை இழுத்தால் இன்னும் இறுகும்.

"வலது கையில வெச்சிடலாம்மா."

"வேணாம் சார். இதுவும் என் கைதான்."

ரசமட்டம் குனிந்தார். நான் காட்டிக்கொடுத்தபடி முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினார். விரல்கள் தானாகத் தளர்ந்தன. ஆள்காட்டி விரலை நீட்டி, மை காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து நீங்களா?" என்றார் அலுவலர்.

"நான் நாற்காலி தள்ளிட்டு வந்தவன் சார்."

"உங்க பேரும் இருக்குமே?"

"இருக்கும். இருக்கட்டும்."

அடுத்த நாள் காலை உறுப்பினரின் ஆள் கடப்பாரையோடு வந்து சாய்தளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிடுங்குவதற்கு ஒரு ஆணித் தலையும் இல்லை. "அண்ணே, மரமும் நம்மது இல்லையாம், என்ன செய்ய?" என்று போனில் கேட்டான். நிலையத்து டாக்டரம்மா வாசலுக்கு வந்து, "அது அங்கயேதான் இருக்கும், நீ போய் வேற வேலையப் பாரு" என்றதும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

ரசமட்டம் அதற்கெல்லாம் தலை நிமிரவில்லை. ஏறும்போது அவள் நல்ல கைக்கு எட்டும்படி வலப்பக்கம் ஒரு கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, பலகையின் குறுக்கே ரசமட்டத்தை வைத்தார்.

"சாய்ஞ்சு கிடக்கறதுக்கு எதுக்குங்க மட்டம்?" என்றாள் அவள், கீழே நாற்காலியில் இருந்தபடி.

"பக்கவாட்டுல சாயக்கூடாதுல்ல."

குமிழி நடுவில் வந்து நின்றது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, நாற்காலியைப் பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.