வேணுஜாவின் நிறம்

சுதர்ஷினி என் மனைவி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முருங்கனில் குடியேறிய கூலிக்காரர் காத்தமுத்துவின் மகள். நாட்டில் சண்டை முடிந்தபின் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்று, வீட்டுத் தியேட்டருக்குப் புரொஜெக்டர் பூட்டவும் அதன் நிறத்தைச் சரிபார்க்கவும் பழகிக்கொண்டு திரும்பினாள். ஏணி தூக்குவதும் திரைச்சீலை மூடுவதும் என் பாடு. வெளிநாட்டுக் காசில் வீடுகள் எழும்பிய காலம், வேலைக்குக் குறைவில்லை. பேச்சுக்கும் குறைவில்லை. "தோட்டக்காட்டுப் பெட்டைக்கு இதெல்லாம் தெரியுமோ?" என்று முகத்துக்கு நேரே கேட்ட வீடுகள் உண்டு. அவள் தன் வேலையைப் பார்ப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பல வருஷம் சுவிஸில் இருந்துவிட்டுத் திரும்பிய சிவபாக்கியம் அன்ரி கட்டுக்கரைப் பக்கம் புது வீடு கட்டியிருந்தார். மகன் சுகந்தனும் அங்கிருந்து புரொஜெக்டரோடு வந்து, திருக்கேதீஸ்வரத்தில் கலியாணமும் முடித்துவிட்டான். நாங்கள் அதைப் பூட்டப் போன அன்று பின்னேரம் சொந்தக்காரர் எல்லாரும் கலியாண வீடியோ பார்க்க வருவதாக இருந்தது.

சுதர்ஷினி கறுப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பல் பட்டைகளைத் திரையில் போட்டாள். எல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தன. அளவுக் கருவியை எதிரே நிறுத்தி, நீலத்தைக் குறைத்து, சாம்பலைச் சாம்பலாக்கினாள். அடுத்தது காமா என்கிற அளவு. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் உள்ளதெல்லாம் அதன் கையில். பிசகினால் முகங்கள் வெளுத்துப் போகும், அல்லது இருண்டு போகும். அதையும் சரிசெய்து வீடியோவை ஓடவிட்டாள். கூறைச் சேலை நல்ல சிவப்பாக நின்றது. மணமகள் வேணுஜா வேணுஜாவாகவே இருந்தாள்.

அன்ரியின் முகம் கோணியது. "என்ன பிள்ளை, மருமகள் இப்பிடிக் கறுத்துப் போனாள்? சனம் வாற நேரம். வெள்ளையாக்கிவிடு."

"வெள்ளையாக்கினால் கூறையும் வெளுத்துப் போகும் அன்ரி. இதுதான் அவவின்ர நிறம்."

"நிறத்தைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்காதை."

வேணுஜா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மீள்குடியேற விட்ட நேரம், தகரக் கொட்டிலைத் தவிர ஒன்றுமில்லாத காணியில், வெயிலென்று பாராமல் தகப்பனோடு பற்றை வெட்டி வயலைத் திருத்தியவள் அவள். அப்போது இந்த அன்ரி சுவிஸில் ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஏணியைப் போட்டுவிட்டு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்கவேண்டும் போல இருந்தது எனக்கு.

சுகந்தனோ கதிரையில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். தாயைவிட அவனில்தான் எனக்கு ஆத்திரம் கூட.

வேணுஜா தட்டை மேசையில் வைத்துவிட்டு சுதர்ஷினிக்குக் கிட்ட வந்தாள். "அக்கா, இதை ஒருத்தரும் மாத்தேலாமல் பூட்டலாமோ?"

"ஓம். நம்பர் போட்டுப் பூட்டலாம்."

"அப்ப ரிமோட்டைத் தாங்கோ."

அன்ரி எழும்பிவிட்டார். "என்னடி செய்யிறாய்?"

வேணுஜா ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பூட்டு விழுந்தது.

"என்ன நம்பர் போட்டனீர்?" சுகந்தன் போனை விட்டுக் கண்ணெடுக்காமலே கேட்டான்.

"முதல் என்ர முகத்தை நிமிர்ந்து பாருங்கோ. பிறகு சொல்லுறன்."

வாசலில் வான் வந்து நின்றது. சனம் இறங்கிக் கதைத்துக்கொண்டு உள்ளே வந்தது. வேணுஜா வீடியோவை முதலிலிருந்து போட்டாள்.