வேம்புலியக்கா கட்டின மஞ்சத்துணி

பட்டாபிராம்ல எங்க தெருமுனையில ஒரு தோட்டம் கீது. ஜவான் தோட்டம்னு பேரு. எழுபத்தொண்ணு சண்டையில செத்துப்போன ரெண்டு பேருக்காக ஊர் ஜனம் உட்ட எடம். ஒருத்தரு செங்கல்வராயன், இன்னொருத்தரு ஷவுகத் அலி. ரெண்டு பேரு ஒடம்பும் ஊருக்கு வரல. சிலை வைக்க அப்போ யாருக்கும் வக்கில்ல. செங்கல்வராயனுக்கு வேப்பமரம், ஷவுகத் அலிக்கு புங்கமரம் நட்டாங்க, அவ்ளோதான்.

செங்கல்வராயன் பொஞ்சாதிதான் வேம்புலியக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டுல நட்டு போல்ட்டு பேக் பண்ற வேலை. சாயந்திரம் ரயில் எறங்கினா ஊட்டுக்குப் போவாது, நேரா தோட்டத்துக்குத்தான். ஷவுகத் அலி சம்சாரம் வஹீதுன்னிசா புங்கமரத்தடியில உக்காந்திருப்பாங்க. ரெண்டு பேரும் புருசனுங்களைத் திட்டிகினே இருப்பாங்க. "பட்டாளத்துக்குப் போறேன்னு மீசைய முறுக்கினான் பாரு"ன்னு ஆரம்பிச்சா சிரிப்புல முடியும், சில நாள் அழுகையில முடியும். எதிர்ல சைக்கிள் கடை வெச்சிருக்கிற எனக்கு எல்லாம் கேக்கும்.

எம்பத்தாறுல ஒருநாள் எவனோ நாலு தடிப்பசங்க வந்து, கடை கட்டறதுக்கு தோட்டத்துல முளைக்குச்சி அடிச்சானுங்க. ஊர்ப் பெரிய மனுசனுங்க பார்த்தும் பார்க்காத மாதிரி போனானுங்க. தூ! அக்கா ஊட்டுக்கு ஓடிச்சு. திரும்பி வந்து வேப்பமரத்துக்கு மஞ்சத்துணி சுத்தி, குங்குமம் அப்பி, ஒரு சூலத்தை நட்டு, "ஆத்தா கனவுல வந்து இங்கதான் கீறேன்னு சொல்லிட்டா!"ன்னு ஒரு கத்து கத்திச்சு. பசங்க குச்சியக்கூட எடுக்காம ஓடிட்டானுங்க. போலீஸுக்கு பயப்படாதவனும் ஆத்தாளுக்கு பயப்படுவான்.

அதோட நின்னுச்சா? ஆடி மாசம் கூழு ஊத்த ஆரம்பிச்சாங்க. கமிட்டி வந்துச்சு. செங்கல்வராயனோட ஒண்ணா படிச்ச திருவேங்கடம்தான் தலைவரு. அப்புறம் ஸ்பீக்கரு, மதிலு, கேட்டு, கேட்டுக்குப் பூட்டு. வஹீதுன்னிசா வெளியிலயே நின்னு புங்கமரத்தைப் பார்த்துட்டுப் போவாங்க. "உள்ள வாயேன் வஹீதா"ன்னு அக்கா கூப்ட்டுச்சு. "கோயிலாச்சே வேம்புலி. யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் காலு வரல"ன்னாங்க. அக்கா மூஞ்சி தொங்கிப்போச்சு. கொஞ்ச நாள்ல அவங்க அந்தப் பக்கம் வர்றதே நின்னுபோச்சு.

தொண்ணூத்திநாலுல மண்டபம் கட்டணும், புங்கமரத்தை வெட்டணும்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு. அக்கா கெஞ்சிப் பார்த்துச்சு. "ஆத்தாளுக்கு எடம் பத்தல"ன்னுட்டாரு திருவேங்கடம். நான் அக்காவைத் தனியா கூப்ட்டேன். "யக்கா, சாமி வந்த மாதிரி ஆடு. மரத்தைத் தொடாதீங்கடான்னு சொல்லு, அடங்கிடுவானுங்க"ன்னேன். என்னை மொறைச்சுச்சு.

"ஒரு தபா ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுக்கே இந்தக் கதி. போடா அந்தாண்ட."

ஆடி வெள்ளிக்கெழமை, கூழுக்கு ஊரே நிக்குது. அக்கா எல்லார் முன்னாடியும் போயி மஞ்சத்துணிய அவுத்துச்சு, சூலத்தைப் புடுங்குச்சு. "கேட்டுக்கங்க. கனவும் வரல, ஆத்தாளும் வரல. எடத்தைக் காப்பாத்த நான்தான் கட்டினேன். இதைப் பெரிய தெரு அம்மன் கோயில்ல சேர்த்துடறேன்."

அவ்ளோதான், கொதிச்சுட்டாங்க. "சாமி குத்தம்டி!"ன்னு பொம்பளைங்க கன்னத்துல போட்டுகினாங்க. நெஜமா சொல்றேன், நானும் போட்டுகினேன்.

"குத்தம் என் தலையிலயே வரட்டும்"னுச்சு அக்கா. "புருசனைப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு நிக்கிறவளை இன்னும் இன்னா பண்ணிடும்?"

திருவேங்கடம் கிட்ட வந்தாரு. மெதுவா கேட்டாரு: "அப்போ இத்தினி வருசமா நாங்க யாரைக் கும்ட்டோம்?"

"உன் கூட்டாளியைத்தான் கும்ட்ட. அவனோட சண்டைக்குப் போனவருக்கு நட்ட மரத்தைத்தான் வெட்டப் பார்த்தே."

திருவேங்கடம் திரும்பி புங்கமரத்தைப் பார்த்தாரு. அப்புறம் மடியில இருந்து கேட்டுச் சாவிய எடுத்து அக்காகிட்ட நீட்டினாரு.

அக்கா கையே நீட்டல. "சாவி எனக்கு எதுக்கு? கேட்டைக் கழட்டு."