கைகளை மட்டும் எடுத்த படம்

மரியரட்ணம் ஹம்பேர்க்கில் உள்ள பழைய டர்பைன் தொழிற்சாலை ஒன்றில் பழுதுபார்க்கும் பகுதியில் வேலை செய்கிறார். இலங்கையிலிருந்து அகதியாக வந்த புதிதில் அங்கே கூட்டித் துடைத்தார். பிறகு தொழில் பயின்று இயந்திரங்களுக்குப் போனார்.

அந்த நிறுவனம் கப்பல்களுக்குக் கொதிகலன் செய்து தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்நிலைய டர்பைன்களுக்கு மாறியது. இப்போது காற்றாலைகளைப் பற்றித்தான் பேசுகிறது. அவருடைய காலத்திலேயே வாசலில் பெயர்ப்பலகை பலமுறை மாறிவிட்டது.

சென்ற ஆண்டு, நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்காக நிறுவனத்தின் வரலாற்றைப் படமாக எடுக்கிறார்கள் என்றார்கள். கமெராக்காரருடன் வந்தவள் ஸ்வர்ணா. கோயம்புத்தூரிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்க வந்து அந்த நிறுவனத்திலேயே பொறியாளராகச் சேர்ந்தவள். தமிழில் வணக்கம் சொன்னாள். மரியரட்ணத்துக்கு அதுவே உறுத்தியது. இத்தனை காலமும் அவர் என்ன மொழி பேசுகிறார் என்று அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

டர்பைன் தகடுகளைப் பொருத்திக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். கமெரா அவருடைய கைகளை விட்டு மேலே எழவேயில்லை. எந்தக் கருவியை எடுக்கிறார், எங்கே தட்டிப் பார்க்கிறார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்தது. அவர் திருகுசாவியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, இதுக்கு முன்னமும் விழா வைச்சவை. விழா முடிய, கொதிகலன் பகுதியை வித்துப்போட்டினம். இப்ப ஆருக்குக் காட்ட என்ர கையைப் படம் பிடிக்கிறியள்?"

"எனக்கு அப்படி எதுவும் தெரியாது அங்கிள்."

"ஓம், உமக்குத் தெரியாதுதான். தெரியாத ஆளைத்தானே அனுப்புவினம்."

அவள் முகம் வாடியது. வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி புஷ்பராணி, சிரித்துப் பேசினாலே உங்களுக்குச் சந்தேகம்தான், அந்தப் பிள்ளை பாவம் என்று கடிந்துகொண்டார். அவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து உணவகத்தில் ஸ்வர்ணா தட்டோடு வந்து அவர் எதிரில் அமர்ந்தாள். கைகளை மட்டும் எடுக்கச் சொன்னது யார் என்று மேலதிகாரியிடம் கேட்டாளாம்.

"சும்மா சிரிச்சார் அங்கிள்."

அன்றே இருவருமாக, நிறுவனத்தில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பேரவையிடம் போனார்கள். பேரவை எழுத்தில் விளக்கம் கேட்டது. படப்பிடிப்பு நின்றது. விழாவில் காட்டிய படத்தில் கொதிகலன்களும் புகைபோக்கிகளும் வந்தன. அதில் மரியரட்ணம் வரவில்லை.

கோடையில் அறிவிப்பு வந்தது: பழுதுபார்க்கும் பகுதி வேறு நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அங்குள்ளவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கச் சில மாதங்கள் போக முடியுமா என்று மேலதிகாரி மரியரட்ணத்திடம் மிகவும் பணிவாகக் கேட்டார். ஏலாது என்றார் அவர்.

இப்போது வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஸ்வர்ணா பான் நகரில் வேறு வேலை தேடுகிறாள். மதியத்தில் அவர்கள் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள்.