புன்னைக்காயலில் ஒரு லிஃப்ட் வேன்

ஞாயிறு காலை ஆறரைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். வாடகைக் கார், நாள் முழுவதற்கும் மூவாயிரத்து இருநூறு. மனைவி செல்வியை நான்தான் தூக்கிப் பின்சீட்டில் வைத்தேன். மூன்று வருடங்களுக்கு முன் நடந்த விபத்தில் அவளுடைய இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அதன்பின் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போனதில்லை. எனக்கும் ஐம்பத்தெட்டு வயது, முதுகு ஒத்துழைப்பதில்லை. சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்கும் லிஃப்ட் பொருத்திய பழைய வேன் ஒன்று புன்னைக்காயலில் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் பயணம்.

எட்டு மணிக்குள் தூத்துக்குடி. ஐம்பது கிலோமீட்டர். துறைமுகத்தில் பாரம் தூக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அவர் வீட்டில் பார்த்து, போனில் இருந்த படங்களைக் காட்டினேன்.

"இஞ்சினுக்குப் பயப்படாதிய, எவனும் பாப்பான். லிஃப்ட்டு பம்பு போச்சுன்னா முப்பதாயிரம், அதுவும் கெடைச்சாத்தான். இதை மாட்டிக் குடுத்த பட்டறையே இப்ப இல்ல" என்றார்.

கையில் இருப்பதே நான்கு லட்சம். வேனுக்குக் கேட்பது மூன்றே முக்கால். காரில் இருந்த செல்வியிடம் பாதியைத்தான் சொன்னேன். அவள் வழியெல்லாம் உப்பளங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக்குப் புன்னைக்காயல். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இவ்வூரார் கடலுக்குப் போவதில்லை. படகுகள் கரையில் நின்றன, ஆட்களும் கரையிலேயே இருந்தார்கள். வேனின் சொந்தக்காரர் அந்தோணி. சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் கால்கள் விழுந்துபோன தம்பிக்காக வாங்கியது. தம்பி போன வருடம் இறந்துவிட்டார்.

செல்வியை நாற்காலியோடு லிஃப்டில் ஏற்றினோம். மூன்றடி உயர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அந்தோணி பொத்தானை இரண்டாம் முறை அழுத்தவில்லை. கரையைப் பார்த்து, "ஏலே, நாலு பேரு வாங்க" என்று குரல் கொடுத்தார்.

வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். யார் எங்கே பிடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலி ஆடாமல் தரைக்கு வந்தது. தம்பியையும் இப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள்.

"இதோட அஞ்சு தடவ நின்னுருக்கு அண்ணாச்சி. மறைச்சு விக்க மனசு வரல. அதான் ஞாயித்துக்கெழம வரச் சொன்னேன். மத்த நாள்ல தூக்க ஆளு இருக்காது. மூணு லட்சம் தாங்க, போதும்."

அவருடைய நேர்மை பிடித்திருந்தது. பயம் மட்டும் போகவில்லை. எங்கள் மாடிக் குடியிருப்பில் பதினெட்டு வீடுகள். நாலு பேர் என்று நான் யாரைக் கூப்பிடுவேன்? எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"வேண்டாம்ளா. பாதியில மாட்டிக்கிட்டா என்ன செய்ய?" என்றேன்.

செல்வி கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "லிஃப்ட்டுல மாட்டுனா அரை மணி நேரம். வீட்டுல மாட்டி மூணு வருசம் ஆச்சுல்லா."

அந்தோணியிடம் முன்பணம் பத்தாயிரம் கொடுத்தேன்.

மாலை நான்கு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். வழக்கம்போல் செல்வியைத் தூக்கப் போகவில்லை. அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மாடியேறி, எதிர்வீட்டு மணியை அடித்து, கதவைத் திறந்தவரிடம் முதலில் என் பெயரைச் சொன்னேன்.