புளிப்பை மட்டும் காட்டும் தாள்

அண்ணன் என்னைத் துடுப்பால் அடித்தபோது முதல் அடியிலேயே ஒரு பல் போனது. அடுத்தது தோளில் விழுந்தது. மூன்றாவது விழுவதற்குள் ஆட்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் அடித்ததில் தப்பில்லை. நான் அவனுடைய வலையை அறுத்திருந்தேன்.

ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊருக்கு ஊர் முறை உண்டு. அதைப் பாடு என்போம். எங்கள் குப்பத்துக்குப் பாடு வரும் நாளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழி ஊன்றி, கடல் பக்கம் இழுக்கும் தண்ணீரோடு வருகிற இறாலுக்கு வலை கட்டவேண்டும். அன்றைக்கு விட்டால் அடுத்த முறை வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயம். அண்ணன் தண்ணீரில் இறங்கினால் அவன் ஏறுகிற வரைக்கும் கரையை விட்டு நகரமாட்டேன். அந்தப் பயத்துக்குத் தீனி போட்டவர் ஒரு காலேஜ் டீச்சரம்மா. பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வருவார். நான்தான் பிடித்துக் கொடுப்பேன். ஒருநாள் பாறையிலிருந்து ஒரு மட்டிச் சிப்பியைப் பெயர்த்து விரலால் அழுத்தினார். ஓடு அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"கடல் தண்ணி லேசுல புளிக்காதுப்பா," என்றார், பையிலிருந்து ஒரு தாள் சுருளை எடுத்தபடி. "மேல இருக்கற புகையை உறிஞ்சி உறிஞ்சி, மெல்ல மெல்ல மாறிக்கிட்டிருக்கு. அதை அளக்க மெஷின் வேணும். ஆனா இந்தத் தாளே செவந்துடுச்சுன்னா, யாரோ ஆசிட்டைக் கொட்டியிருக்காங்கன்னு அர்த்தம். இறங்காதீங்க."

அந்தச் சுருளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல கடல் தண்ணீருக்குத் தாள் பச்சையாகும். அதிலிருந்து பாடு நாளில் தாள் நனைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அன்றைக்குக் காலையில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கையை லுங்கியில் துடைத்தபடியே ஓடினேன். உள்ளங்கையில் தண்ணீரை மொண்டு தாளை நனைத்தேன். சிவந்தது.

"அண்ணே, எறங்காத! தாளு செவந்துபோச்சு!"

கழி தூக்கிவந்த பக்கத்து வீட்டு மாமா சிரித்தார். "வந்துட்டாருடா சயின்டிஸ்டு. தாளுக்கு வெத்தல கித்தல போட்டு வுட்டியா நைனா?"

"பாடு நாளுடா இன்னிக்கி," என்றான் அண்ணன். "பேஜார் பண்ணாம அப்பால போ."

ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டான். படகில் கிடந்த கத்தியை எடுத்தேன். வலையைக் குறுக்கே கிழித்தேன். மறுபடியும் கிழித்தேன். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டால் எங்கள் ஊர் சமாதானம் பேசும். வலையை அறுத்தவனோடு பேசாது. அது தெரிந்தேதான் கிழித்தேன்.

பல் போன பிறகு அண்ணன் சுருளைப் பிடுங்கி, தானே ஆற்றில் தாளை முக்கினான். பச்சை. இன்னொன்று முக்கினான். அதுவும் பச்சை. என் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தான்.

"ஊறுகாடா! எலுமிச்ச ஊறுகா கையில தண்ணி மொண்டுகினு வந்து எனுக்கு ஆசிட்டுன்றான்!"

கரையே சிரித்தது. முதலில் அவனைப் பிடித்தவர்களும் சிரித்தார்கள், இந்த முறை யாரும் பிடிக்கவில்லை. அவன் முஷ்டி என் மூக்கில் இறங்கியது.

அடுத்த பாடு வந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போனேன். கரையில் ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள்.

"இன்னா டாக்டரு, எறங்கலாமா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான் அண்ணன்.

தாளை நேராக ஆற்றில் முக்கினேன். பச்சை. ஆனால் பெயின்ட் தின்னர் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறியது. தண்ணீர்மேல் மெல்லிசாக ஏதோ பளபளத்தது. இந்தத் தாள் புளிப்பை மட்டும்தான் காட்டும், எண்ணெயையும் மற்ற விஷத்தையும் காட்டாது என்று டீச்சரம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈறு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"பச்சைண்ணே," என்றேன்.

அவன் இறங்கினான். மற்றவர்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருக்க, அவன் கழி ஊன்றினான். பாதி ஊன்றியிருப்பான், மடவை மீன்கள் துள்ளித் துள்ளிச் சேற்றில் விழுந்தன. நண்டுகள் கழியைப் பிடித்துத் தண்ணீருக்கு வெளியே ஏறின. "காலு எரியுதுடா," என்று கத்தினான். ஆனால் ஏறவில்லை. ஒரு பாடு நாளை ஏற்கெனவே இழந்தவன் அவன். கடைசிக் கழியை ஊன்றிவிட்டுத்தான் கரைக்குத் திரும்பினான், சேற்றில் விழுந்தான். அக்குளில் கை கொடுத்து இழுத்துவந்தேன். இடுப்பிலிருந்து பாதம் வரை கொப்புளம். குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு ஊற்றினேன். அவன் மாடு மாதிரி அலறினான். அன்றைக்கு ஆற்றில் என்ன கலந்தது என்று இதுவரைக்கும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அலறல் அடங்கியதும் என் காலரைப் பிடித்தான்.

"வாட வந்துச்சா உனுக்கு?"

"வந்துச்சு."

"அப்பறம் ஏண்டா சொல்லல?"

"நீ அடிப்பேன்னு."

உட்கார்ந்தபடியே அந்தக் காலால் என் நெஞ்சில் உதைத்தான். கத்தியது அவன்தான். குனிந்து பார்த்தேன், அவனுடைய தோல் என் சட்டையில் ஒட்டியிருந்தது.

"அடிச்சா இன்னாடா? அடிச்சா செத்தா பூடுவ?" என்று கத்திக்கொண்டே மறுபடியும் காலைத் தூக்கினான். நான் நகரவில்லை.